ரெட்டை வாள் ராக்கியப்பன்

ஏனுங்க, சித்த அந்தப் பையை மடியில எடுத்து வெச்சுக்கறீங்களா? ஆங், அவ்வளவுதான். இப்ப ரெண்டு பேருக்கும் எடம் ஆயிருச்சு. கோயமுத்தூருங்களா? நானும் அக்கட்டாலதான். ஹோப் காலேஜ்ல எறங்கோணும். ரெண்டு மணிக்குள்ள போயாகோணும், ஒரு உசுரு சம்பந்தப்பட்ட காரியமுங்க.

அட, பதறாதீங்க. ஆசுபத்திரிக்குப் போகலீங்க. என்ற ஆளு ஒருத்தன் சாகக் கெடக்கறான். பேரு ராக்கியப்பன். நெசமான ஆளு இல்லீங்க, ஒரு வெளையாட்டுல நான் உருவாக்கி வெச்சிருக்கற ஆளு. சிரிக்காதீங்க. அவன் பொழைப்பானா மாட்டானான்னு இன்னைக்கு மத்தியானம் தெரிஞ்சுரும். அது முழுக்க என்ற சம்சாரம் கைல இருக்குது. அதா, முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின்னால பொம்பளைங்க சீட்டுல, கத்திரிப்பூக் கலர் சேலை. கலாமணி. ஒரு வாரமாக் கேக்கறேன், என்ன பண்ணப்போறேன்னு வாயைத் தொறந்து சொல்ல மாட்டேங்கறா. சோறு போடறா, பேசறா, சிரிக்கறா, அல்லாம் சரி. இதை மட்டும் கேட்டா 'பாக்கலாமுங்க'ங்கறா. பாக்கலாமுங்கன்னா என்னங்க அர்த்தம்?

இருங்க, மொதல்லருந்து சொல்றேன். அப்பத்தான் ஞாயம் யாரு பக்கமுன்னு உங்களுக்குப் புரியும்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில காஸ்டிங் பாக்கறனுங்க. காஸ்டிங்னா, ஒரு டீசர்ட்டு தைக்க எத்தனை நிமிசம் ஆகுது, எத்தனை கை வேணும், எந்த எடத்துல நேரம் வீணாப் போகுதுன்னு கணக்குப் போட்டுச் சொல்றது. பழக்கம் ஊறிப்போச்சுங்க. கல்யாணப் பந்தில உக்காந்தாக்கூட, சாம்பார் வாளிக்காரன் ஒவ்வொரு எலை முன்னாலயும் எத்தனை நேரம் நிக்கறான்னுதான் என்ற கண்ணு போகும். கலாமணி இதுக்கே என்னைத் திட்டுவா, சாப்புட வந்தமா சூபர்வைசரா வந்தமான்னு.

போன ஆடி மாசம் ஆர்டர் இல்லாம கம்பெனி மந்தமாக் கெடந்துச்சு. அப்பத்தான் என்ற மச்சினன் நவநீதன் இந்த வெளையாட்டைக் கொண்டாந்தான். கலாமணி கூடப்பொறந்த தம்பிங்க, கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை. ஞாயித்துக்கெழமை ஆனா பைக்கை எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வந்துருவான். வெளையாட்டு என்னன்னா, மேசையைச் சுத்தி உக்காந்துக்கோணும். அவன் கதை சொல்லுவான். 'நீங்க ஒரு காட்டுக்குள்ள போறீங்க, எதுத்தாப்பல ஒரு பூதம் வருது, என்ன பண்றீங்க?'ம்பான். நாம ஆளுக்கொரு ஆளை உருவாக்கி வெச்சிருக்கோணும். அந்த ஆளு என்ன பண்றான்னு நாம சொல்லோணும். அது நடந்துச்சா இல்லையான்னு இருபது மூஞ்சி இருக்கற தாயக்கட்டையை உருட்டிப் பாக்கறது. வெட்டறேன்னு சொல்லி உருட்டுனா, பெரிய நம்பர் விழுந்தா வெட்டு, சின்ன நம்பர் விழுந்தா காத்துல வீச்சு. இவ்வளவுதான்.

மொதல்ல எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. கழுதை வயசாச்சு, பூதத்தோட சண்டை போடறதாக்கும்னு. ஆனா அவன் புள்ளிக் கணக்கைக் காட்டுனான் பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன். பலம், சுறுசுறுப்பு, அறிவு, பேச்சு, கவனிப்புன்னு ஒவ்வொண்ணுக்கும் புள்ளி. மொத்தமா இத்தனை புள்ளி, எங்க வேணுமோ அங்க போட்டுக்குங்கன்னு குடுத்துடறாங்க. அட, இது நம்ம சோலியாச்சேன்னு சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு உக்காந்துட்டேன்.

வெளையாட வந்தது மூணு பேரு. நானு, கலாமணி, மாடி வீட்டு அந்தோணிண்ணன். அந்தோணிண்ணன் பட்டன் ஜிப்பு யாவாரமுங்க. அவரு மந்திரவாதி. தாடி வெச்ச மந்திரவாதி, ஒரு பூனை வளக்கறாரு, அந்தப் பூனைக்கு ஒரு பேரு, அந்தப் பூனைக்கு என்ன புடிக்கும்னு அரை மணி நேரம் சொல்லுவாரு. பூனையால சண்டைல என்ன லாபமுன்னு நான் கேட்டேன். லாபமெல்லாம் இல்ல தம்பி, சும்மா கூட வருதுன்னாரு. எனக்குத் தலையிலடிச்சுக்கலாம்னு இருந்துச்சு.

நான் ரெண்டு கைலயும் வாளு வெச்சு அடிக்கற ஆளை உருவாக்குனேன். எதுக்குன்னா, எங்க கம்பெனில ரெட்டை ஊசி மிஷின் பாத்திருக்கறேன், ஒரே ஓட்டத்துல ரெண்டு தையல் போட்டுட்டுப் போகும். அதே கணக்குத்தான். ஆனா இதுல அல்லாரும் ஒரு தப்புப் பண்ணுவாங்க பாருங்க. வலது கைல பெரிய வாளு, எடது கைல சின்ன வாளு, பாக்கறதுக்குச் சும்மா ராசா மாதிரி இருக்கும். வேலைக்காகாதுங்க. பெரிய வாளு கனம். கனமான வாளு ஒரு கைல இருந்தா இன்னொரு கைக்கு முறையே வராது. ரெண்டும் ஒரே மாதிரி, சின்னதா, லேசா இருக்கோணும். பலத்துல புள்ளி போட்டா வீணு, சுறுசுறுப்புலதான் போடோணும். அது வெட்டறதுக்கும் ஆகும், வார வெட்டை ஒதுங்கறதுக்கும் ஆகும். ஒரே துணில ரெண்டு பீஸ் வெட்டறாப்பல. அப்புறம் எடது கை அடி சும்மா தட்டுன மாதிரித்தான் விழும். அதுக்குன்னு தனிப் பயிற்சி ஒண்ணு இருக்குது, மொத வேலையா அதை வாங்கிப்போடோணும். அது இல்லாம ரெண்டு வாளு தூக்கறவன், சும்மா எடது கைக்கு வளையல் போட்ட மாதிரித்தான்.

அப்புறம் இன்னொண்ணு, இது யாருக்கும் தெரியாது, உங்களுக்குச் சொல்றேன். வாள்ல தீயோ விசமோ ஏத்துனா, ஒவ்வொரு அடிக்கும் அது தனியாச் சேரும். ஒத்தை வாளுக்காரன் ஒரு தடவை வாங்கறதை, நாம ரெண்டு தடவை, மூணு தடவை வாங்கிக்கலாம். அடியோட அளவு முக்கியமில்லீங்க, அடியோட எண்ணிக்கைதான் முக்கியம். இதைக் கண்டுபுடிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. கலாமணியை எழுப்பிச் சொன்னேன். சரீங்க, நாளைக்குக் கேக்கறேன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா.

இத்தனை புள்ளியும் எங்கிருந்து எடுத்தேன்னு கேளுங்க. அறிவு, பேச்சு, கவனிப்பு, மூணுலயும் அடியோட கொறைச்சுட்டேன். கவனிப்புன்னா பக்கத்துல என்ன நடக்குது, எதுத்தாப்பல இருக்கறவன் மனசுல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்கறது. வாளு வெச்சிருக்கறவனுக்கு அது எதுக்குங்க?

ஒரே ஒரு கொறைதான். ரெண்டு கைலயும் வாளு இருந்தா கேடயம் புடிக்க முடியாது. அடி நெறைய விழும். அதனால பின்னாலேயே ஒரு ஆளு நின்னு மருந்து போட்டுட்டே வரோணும். டெய்லருக்கு ஒரு கைமடி நிக்கறாப்பல. கைமடி தெரியுமுங்களா? டெய்லர் தைக்கத் தைக்க பீஸை எடுத்து மடிச்சுக் குடுக்கற ஆளு. அவன் நின்னுட்டான்னா டெய்லரும் நின்னுருவான். கலாமணி வில்லு வெச்சிருக்கற பொண்ணா வரோணும்னு ஆசைப்பட்டா. நான் எடுத்துச் சொன்னேன், வில்லுக்காரியால நமக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல, மருந்துக்காரிதான் லைனுக்குத் தேவைன்னு. நல்ல புள்ள, ஒத்துக்கிட்டா. செவந்தின்னு ஒரு மருந்துக்காரி. வேலையும் சுலுவுதான். அவ முறை வந்தா, 'ராக்கியப்பனுக்கு மருந்து போடறேன்'ன்னு சொல்லோணும். சோலி முடிஞ்சுது.

அவினாசி தாண்டிருச்சுங்களா? பரவால்ல, பஸ்ஸு நல்லாப் போகுது.

அப்புறம் பாருங்க, ராக்கியப்பன் எறங்கி வெட்டுனான். ஓநாய் வந்துச்சா, வெட்டு. ராட்சசன் வந்தானா, வெட்டு. நவநீதன் பாவம், எதைக் கொண்டாந்து நிறுத்துனாலும் ரெண்டு சுத்துல காலி. என்ற முறை வந்துதுன்னா மேசையே களை கட்டும். சித்த நேரம் எடுக்கும், அது வாஸ்தவம். வலது கை உருட்டோணும், எடது கை உருட்டோணும், தீ எவ்வளவு, விசம் எவ்வளவு, அல்லாத்தையும் கூட்டோணும். அதுக்குள்ள நவநீதன் போன் பேசீட்டு வந்துருவான். அந்தோணிண்ணன் சித்த கண்ணசருவாரு, அவரு வாரமெல்லாம் அலையறவரு. கலாமணி நர்சரி ஸ்கூல் டீச்சருங்க, வாயி சும்மா இருக்காது. செவந்தியோட ஊரு, செவந்தியோட குடும்பமுன்னு என்னமோ சொல்லீட்டிருப்பா, அந்தோணிண்ணன் முழிச்சிருந்தா ஊங் கொட்டுவாரு, நவநீதனும் அதுக்கேத்தாப்பல எதாச்சும் சேப்பான். நானும் ஒண்ணும் சொல்றதில்ல. சத்தம் கம்மியாப் பேசுங்க, கூட்டல் தப்பிப்போகுதும்பேன், அவ்வளவுதான்.

இப்படி நல்லாப் போயிட்டிருந்த பொழப்புங்க. ஒரு பாலத்துல வந்து கெட்டுது.

பள்ளத்தாக்குக்கு மேல ஒரு கயித்துப் பாலம். அது மேல சண்டை. கழுகு மூஞ்சிக்காரனுங்க ரெண்டு பக்கமும் வாரானுங்க. ராக்கியப்பன் பொளந்து கட்டீட்டிருக்கறான். அப்ப பாத்து ஒரு பலகை ஒடைஞ்சு செவந்தி கீழ போயிட்டா. ஒத்தைக் கைல கயித்தைப் புடிச்சுத் தொங்கறா. அடுத்தது என்ற முறை. நவநீதன் சொல்றான், 'மச்சான், செவந்தி கைக்கெட்டற தூரத்துலதான் இருக்கறா. புடிச்சுத் தூக்கிறலாம். ஆனா உங்க ரெண்டு கைலயும் வாளு இருக்குது, ஒண்ணை விடோணும்.' உறையில சொருவிக்கறனேன்னேன். அதுக்கு நேரமில்ல, விட்டாக் கீழதான் விழும்னுட்டான்.

வலது கை வாளு அப்பத்தான் விசம் ஏத்துனது. எடது கை வாளு தீ வாளு. அது சாதாரணமாக் கெடைக்கல, ஒரு கோட்டைக்குள்ள போயி, தூங்கற பாம்புக்குப் பக்கத்துல தவழ்ந்து போயி எடுத்துட்டு வந்தது. எத்தனை ஞாயித்துக்கெழமை! நான் பேப்பர்ல கணக்குப் போட்டேன். வாளை விட்டா அடி பாதியாப் போயிரும். மருந்துக்காரி போனா சித்த நாளைக்குச் செரமம், அப்புறம் இன்னொருத்தியை உருவாக்கிக்கலாம். கம்பெனில கைமடி நின்னுட்டா நாங்க மிஷினையா விக்கறோம்? அதையேதான் வெளிய சொன்னேன். 'கலா, நீ கவலைப்படாத, பத்து நிமிசத்துல இன்னொரு மருந்துக்காரியைப் போட்டுக்கலாம். வாளு போனாக் கெடைக்காது' அப்படின்னேன். இதுல என்னங்க தப்பு?

அந்தோணிண்ணன் தாயக்கட்டையை எடுத்து, அதுல இருக்கற நம்பரை இன்னைக்குத்தான் பாக்கற மாதிரி பாக்கறாரு. கலாமணி என்னைப் பாத்தா. கோவமெல்லாம் இல்லீங்க, சும்மா பாத்தா. அப்புறம் தம்பி பக்கம் திரும்பி, 'செவந்தி கையை விட்டுட்டா'ன்னா. கேட்டுக்குங்க, அவளேதான் விட்டா. நான் தள்ளல. நவநீதன் பதறிப்போயி, உருட்டு அக்கா, உருட்டிப் பாக்கலாமுங்கறான். உருட்ட ஒண்ணுமில்லைன்னு எந்திரிச்சு டீப் போடப் போயிட்டா. டீ நல்லாத்தான் இருந்துச்சு. மனசுல எதாச்சும் இருந்தா சக்கரை மறந்திருப்பால்லீங்க?

அதுக்கடுத்த வாரம் ஒரு புது ஆளோட வந்தா. நான் இன்னொரு மருந்துக்காரின்னு நெனைச்சுட்டு, வா வான்னு பேப்பரை வாங்கிப் பாக்கறேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. ரெண்டு வாளு! ரெண்டும் சின்ன வாளு, லேசு. சுறுசுறுப்புல புள்ளி. எடது கைப் பயிற்சி மொதல்லயே இருக்குது. வாள்ல விசம். அல்லாமே நான் சொன்னது. ராத்திரில எழுப்பி எழுப்பிச் சொன்னதெல்லாம் தூக்கத்துலயே கேட்டிருக்கறா பாருங்க. இதுல ஒரு படி மேல போயி, பலத்துல மிச்சம் புடிச்சு கவனிப்புலயும் புள்ளி போட்டு வெச்சிருக்கறா. அதனால பூதம் எந்தப் பக்கம் வருதுன்னு என்ற ஆளுக்கு முன்னால அவ ஆளுக்குத் தெரிஞ்சுருது. சென்னியப்பன்னு பேரு. எதுக்கு ஆம்பளைப் பேரு வெச்சான்னு நான் கேக்கல. சென்னியப்பன் யாரு, எங்கிருந்து வாரான்னு அன்னைக்கு அவ எந்திரிச்சு நின்னு சொல்லீட்டிருந்தா, நான் அந்தப் பேப்பர்ல கூட்டல் சரியான்னு பாத்துட்டிருந்தேன். ஒரு தப்புக்கூட இல்லீங்க. எனக்குப் பெருமையாவும் இருந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு.

அவ முறையெல்லாம் சட்டுன்னு முடிஞ்சுரும். எப்படித்தான் கூட்டறாளோ.

போன ஞாயித்துக்கெழமை ஒரு பெரிய பூதம் வந்துச்சு. ராக்கியப்பன் எப்பவும் போல முன்னால பாஞ்சான். ஒரு அடி வாங்குனான், ரெண்டு அடி வாங்குனான். பழக்க தோசத்துல நான் பின்னால திரும்பி, சரி கலா, மருந்துன்னேன். கலாமணி, மருந்துக்காரி ஏதுங்கன்னா. அப்பத்தான் எனக்கு நெனப்பே வந்துச்சு. அடுத்த அடில ராக்கியப்பன் சாஞ்சுட்டான்.

விழுந்தவன் ஒடனே சாக மாட்டான். முறைக்கு ஒரு தடவை உருட்டோணும். மூணு தடவை கெட்ட நம்பர் விழுந்தா காரியம் முடிஞ்சுது. எனக்கு ரெண்டு கெட்ட நம்பர் விழுந்துருச்சுங்க. இன்னொண்ணு விழுந்தா அவ்வளவுதான், அந்த ஆளு போயிட்டான், திரும்ப வரவே மாட்டான். யாராச்சும் பக்கத்துல வந்து காயத்தைக் கட்டுனாப் பொழைச்சுக்குவான். பக்கத்துல யாரு நிக்கறா? சென்னியப்பன். அவன் ரெண்டு கைலயும் என்ன இருக்குது? வாளு. கட்டுப் போடோணும்னா ஒண்ணைக் கீழ போடோணும். அந்தப் பூதமும் சாகற நெலைமைல முன்னால நிக்குது, ரெண்டு வாள்லயும் அடிச்சா ஒரே சுத்துல முடிச்சுறலாம், பேரும் கெடைக்கும். நவநீதன் கேட்டான், அக்கா, சென்னியப்பன் என்ன பண்றான்னு. கலாமணி வாட்சைப் பாத்துட்டு, நேரமாச்சு, அடுத்த வாரம் சொல்றேன்னு எந்திரிச்சுட்டா.

ஒரு வாரமுங்க! மனுசன் ஒரு வாரமாக் குத்துயிரும் கொலையுயிருமாக் கெடக்கறான். நானும் பாத்தரம் கழுவுனேன், மார்க்கெட்டுக்குப் போனேன், பூ வாங்கியாந்தேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்லீங்க, கூட இருந்தவனைக் காப்பாத்தறதுதான் முறைன்னு எடுத்துச் சொன்னேன். அப்படீங்களான்னா. நீங்கதான சொல்லுவீங்க, விழுந்தவனைப் பாக்காத, எதிரியைப் பாருன்னு, அப்படின்னா. சொன்னேன்தான். அது பொதுவாச் சொன்னதுங்க. அது ராக்கியப்பனுக்குச் சொன்னதா?

இந்த வாரம் நவநீதன் பைக்கை சர்வீசுக்கு விட்டுட்டான். அதனால நாங்கதான் அவன் வீட்டுக்குப் போறோம். அந்தோணிண்ணன் பொழுது விடியவே யாவாரத்துக்குப் போயிட்டு, இந்நேரத்துக்கு அங்க இருப்பாரு. அவருகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன், கலாமணி மனசுல என்னன்னு நவநீதன்கிட்ட நைசா வெசாரிச்சுச் சொல்லுங்கண்ணான்னு. கூடப்பொறந்தவனுக்குத் தெரியாம இருக்குமா? அவ அவன்கிட்ட அல்லாத்தையும் சொல்லுவா.

இருங்க, போனு அடிக்குது. அவருதான். ஒரு நிமிசமுங்க.

அண்ணா, சொல்லுங்கண்ணா. ஆமாண்ணா, பஸ்ஸுல. கருமத்தம்பட்டி தாண்டிருச்சு. என்ன சொன்னான்? ... யாரு? ... எப்பச் சொன்னா? ... அப்படிங்களா. ... இல்லீங்கண்ணா, எனக்குத் தெரியாதுங்க. ... அங்கதான் உக்காந்திருந்தேன். ... சரீங்கண்ணா. வெச்சறேன்.

ஒண்ணுமில்லீங்க. தண்ணி இருந்தாக் குடுங்க, ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

என்னன்னு கேக்கறீங்களா? சென்னியப்பன் இருக்கறான்ல, அவன் செவந்தியோட தம்பியாமா.

செவந்தி ஒண்ணும் எங்களுக்கு மருந்து போடறதுக்குன்னு கெளம்பி வந்தவ இல்லையாமா. சின்ன வயசுல சந்தையில தொலைஞ்சுபோன தம்பியைத் தேடித்தான் வீட்டை விட்டே வந்தாளாமா. போற ஊருல எல்லாம் அவனைப் பத்தி வெசாரிச்சுட்டே வந்தாளாமா. அந்தத் தம்பி, அக்கா தேடறான்னு கேள்விப்பட்டு எதுக்க வந்திருக்கறான். வந்து பாத்தா அக்கா இல்ல. பாலத்துல விழுந்துட்டான்னு சொல்லியிருக்கறாங்க. அவதான் எந்திரிச்சு நின்னு இத்தனையும் சொன்னாளாமா. அந்தோணிண்ணன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாராமா. நீங்க அங்கதான தம்பி உக்காந்திருந்தீங்கங்கறாரு. உக்காந்துதான் இருந்தேன்.

ஏனுங்க, அப்படின்னா ராக்கியப்பன் இப்ப யாரு காலடியில கெடக்கறான் பாத்தீங்களா? அக்காளை விட்டவன், தம்பி முன்னால. அவன் எதுக்குங்க வாளைக் கீழ போடப்போறான்? நானா இருந்தாப் போட மாட்டேன். சொல்லப்போனா எனக்கு இப்பத்தான் பயமா இருக்குதுங்க. இத்தனை நேரம் கலாமணி மனசு வெச்சாப் போதும்னு இருந்தேன். இது அவ மனசுல இல்லையே, சென்னியப்பன் மனசுலல்ல இருக்குது. அவன் பக்கமிருந்து பாத்தா எனக்கே ஞாயமாத்தான் தெரியுது.

அங்க பாருங்க, எந்திரிச்சுட்டா. நீலாம்பூர்ல கூட்டம் எறங்குதுல்ல, அதான் இங்க வாரா. நீங்க இருங்க, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? நின்னே பேசட்டும், அடுத்து எறங்கற எடம்தான். கலா, வா, இப்படிக் கம்பியைப் புடிச்சு நின்னுக்க.

நாங்க பேசுனது கேட்டுச்சுங்களா உங்களுக்கு? டிரைவர் பாட்டைப் போட்டுட்டு அலற விட்டிருக்கறான், பாதி கேட்டிருக்காது. இருங்க, எறங்கறதுக்குள்ள சொல்லிடறேன்.

நான் சொன்னேன், சென்னியப்பன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. எப்பத் தெரிஞ்சுதுன்னு கேட்டா. பொய் சொல்லலீங்க, இப்பத்தான், அந்தோணிண்ணன் சொன்னாருன்னுட்டேன். தலையை ஆட்டிக்கிட்டா. அப்புறம் கேட்டா, 'சென்னியப்பன் கிட்டத்துல வந்து குனிஞ்சு பாக்கறான். ராக்கியப்பனுக்கு இன்னும் மூச்சு இருக்குது. என்ன சொல்றான்?'

ராக்கியப்பன் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசுனதில்ல. வெட்டறேன், குத்தறேன், அது நான் சொல்றது. அவன் என்ன பேசுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? இவ என் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறா. வாயில வந்ததைச் சொல்லிப்போட்டேன். தம்பி, உங்கக்கா செத்துட்டான்னு யாரு சொன்னது? கீழ ஆறு ஓடுது, தண்ணி நெறையப் போகுது, என்னையத் தூக்கி விடு, எந்த எடமுன்னு கூட்டிட்டுப் போயிக் காட்டறேன், அப்படின்னேன்.

ஆறுன்னு நவநீதன் சொல்லவே இல்லீங்களேன்னா. அவன் சொல்லல, நாந்தான் சொல்றேன்னேன்.

'உங்களுக்கு எப்படித் தெரியும்?'

'எட்டிப் பாத்தேன்.'

'எப்ப எட்டிப் பாத்தீங்க?'

'நீ டீப் போடப் போனயே, அப்ப. சண்டை முடிஞ்சு அல்லாரும் அக்கட்டப் போயிட்டாங்க. ராக்கியப்பன் மட்டும் பாலத்து மேலயே உக்காந்து எட்டி எட்டிப் பாத்துட்டிருந்தான். பொழுது எறங்கற வரைக்கும் பாத்தான்.'

எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியலீங்க. அப்படியெல்லாம் எந்தப் பேப்பர்லயும் இல்ல. கலாமணி கம்பியைப் புடிச்சுட்டு அப்படியே நின்னா. கண்ணு கலங்கிருச்சு. ஒரு கையால மூஞ்சியைத் தொடைச்சுட்டு, 'இத்தனை மாசத்துல இன்னைக்குத்தானுங்க நீங்க வெளையாடியிருக்கீங்க'ன்னா. சொல்லீட்டுப் படிக்கட்டுப் பக்கம் போயி நின்னுக்கிட்டா.

இது என்ன பேச்சுங்க? ஆடி மாசத்துலருந்து உசுரைக் குடுத்து வெளையாடறது நான் ஒருத்தன்தான? ஒரு பொம்பளை பஸ்ஸுல நின்னு அழுகற மாதிரி நான் அப்படி என்னங்க சொல்லிப்போட்டேன்? ஆறு ஓடுதுன்னேன், அவ்வளவுதான். கடைசி வரைக்கும் வாளைக் கீழ போடுவியா மாட்டியான்னு கேட்டதுக்கு மட்டும் பதிலே சொல்லல பாருங்க. அவளைப் புரிஞ்சுக்க முடியறதில்லீங்க.

சரீங்க, எடம் வந்துருச்சு, கூப்படறா. நவநீதன் விட மாட்டானுங்க, ஆறுன்னு சொன்னா ஆயிரம் கேப்பான். எவ்வளவு ஆழம், எந்தப் பக்கமா ஓடுது, அவளை எந்தக் கரையில கொண்டுபோயி ஒதுக்கியிருக்கும்னு. நடந்துட்டே யோசிக்கோணும். வாரனுங்க.